வீட்டுச் சிலந்திகள்: ஏன் வருகின்றன, எப்படிக் குறைப்பது?

ஒட்டடை அடித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அதே மூலையில் மீண்டும் வலை தொங்கும். பூச்சிமருந்து அடித்த வீட்டிலும் சில மாதங்களில் சிலந்திகள் பழையபடி நடமாடத் தொடங்கிவிடும். சிலந்தி ஒரு வீட்டில் தங்குவது அங்கே அதற்கு இரை கிடைப்பதால்தான். கொசு, ஈ, விட்டில், எறும்பு, கரப்பான் ஆகியவை உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை, ஒரு சிலந்தியை அகற்றினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். ஆகவே ஒரு வீட்டில் சிலந்திகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டால், அங்கே பூச்சிகள் பெருகியிருக்கின்றன என்றே முதலில் கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்டால், எந்த வேலைக்குப் பலன் உண்டு, எது வீண்செலவு என்பதைப் பிரித்தறிவது எளிது.

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல. பூச்சிக்கு ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று உடற்பகுதிகளும் உண்டு. சிலந்திக்கோ எட்டுக் கால்கள்; தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த முன்பகுதி, அதன் பின்னால் வயிறு என உடல் இரண்டே பகுதிகள். உணர்கொம்புகளும் இறக்கைகளும் கிடையாது. பெரும்பாலான இனங்களுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பல சிலந்திகளின் பார்வை மங்கலானது. அவை அதிர்வுகளைக் கொண்டே உலகை அறிகின்றன. தேளும் உண்ணியும் இதற்கு நெருங்கிய உறவினங்கள். இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேற்பட்டவை என்றாலும், மனிதர் வாழும் வீட்டுக்குள் வசிக்கப் பழகியவை அவற்றில் மிகச் சிலவே.

சிலந்தியால் திட உணவை விழுங்க முடியாது. இரையை நச்சுப்பற்களால் கடித்துச் செயலிழக்கச் செய்தபின், செரிமான நீரை அதன்மேல் உமிழ்ந்து, உடலுக்குள் இருப்பது கரைந்து நீர்மமானதும் உறிஞ்சிக்கொள்கிறது. மிக அரிய விதிவிலக்குகளைத் தவிர எல்லாச் சிலந்திகளும் உயிருள்ள இரையையே உண்பவை. சமையலறையில் சிந்திய சர்க்கரையோ, மூடாத அரிசிப் பாத்திரமோ, அலமாரியில் இருக்கும் துணியோ அவற்றை ஈர்ப்பதில்லை. மரத்தையும் புத்தகத்தையும் அவை அரிப்பதில்லை. கொசுவைப் போல மனிதருக்கு நோயைப் பரப்புவதுமில்லை. சிந்திய உணவு எறும்பையும் கரப்பானையும் அழைத்து வரும், அவற்றின் பின்னால் சிலந்தி வரும் என்ற அளவில்தான் தொடர்பு. இன்னொன்றையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சிலந்திகள் வாரக்கணக்கில் இரையின்றித் தாக்குப்பிடிக்கக் கூடியவை. எனவே பூச்சிகளைக் குறைத்த மறுநாளே சிலந்திகள் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டுக்குள் யார் யார்?

கூரையோரத்திலும் படிக்கட்டின் அடியிலும் மிக நீண்ட, நூல் போன்ற கால்களுடன் தலைகீழாகத் தொங்குவது ஃபோல்கஸ் வகைச் சிலந்தி. உடல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கால்கள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்வரை நீளும். விரலை அருகே கொண்டுபோனால் அது ஓடுவதில்லை. வலையோடு சேர்ந்து உடலை வேகமாகச் சுழற்றத் தொடங்கும். சில நொடிகளுக்கு உடல் தெளிவாகத் தெரியாமல் ஒரு மங்கலான வட்டம் மட்டுமே கண்ணில் படும். எதிரிக்குக் குறி தப்பட்டும் என்பதற்கான தற்காப்பு இது. இதன் வலையிழைகளில் பசை கிடையாது. சிக்கித் தடுமாறும் இரையின்மேல் பின்னங்கால்களால் நூலை வீசிச் சுற்றிவிடும். பழைய வலையை விட்டுவிட்டுப் புதியதை அதன் அருகிலேயே கட்டுவதால், தூசி படிந்து கறுத்துத் தொங்கும் ஒட்டடையில் பெரும்பகுதி இதன் கைவேலையாக இருக்கும். கொசுவைத் தின்பதோடு பிற சிலந்திகளையும் இது கொன்று தின்னும். உலகிலேயே கொடிய நஞ்சு இதற்குத்தான், பற்கள் குட்டையாக இருப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம் என்ற கதை பரவலாக உலவுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது தீங்கற்றது.

சன்னலின் கீழ்மூலையிலும் மேசைக்கு அடியிலும் ஒழுங்கற்ற, சிக்கலான வலையைக் கட்டுவது, உருண்டை வயிறு கொண்ட சிறிய பழுப்புநிறச் சிலந்தி. அதன் வலையைக் கூர்ந்து பார்த்தால், சில இழைகள் செங்குத்தாக இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதும், அவற்றின் அடிப்பகுதியில் மட்டும் பசைத்துளிகள் இருப்பதும் தெரியும். ஊர்ந்து வரும் எறும்பு அந்த இழையில் மோதினால், இழை தரையிலிருந்து அறுந்து எறும்போடு மேலே சுண்டிக்கொள்ளும். இந்தச் சிலந்தியிடம் கவனிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கட்டிய இடத்தில் இரை விழாவிட்டால், வலையைக் கைவிட்டு வேறிடம் போய்விடும். நீண்ட நாள் ஒரே இடத்தில் அது நிலைத்திருக்கிறது என்றால், அந்த வழியில் பூச்சிகள் தொடர்ந்து போய்வருகின்றன என்று பொருள். வலைக்கு நேர்கீழே தரையில் கரும்புள்ளிகளும் உலர்ந்த பூச்சி ஓடுகளும் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பெருக்கித் தள்ளுமுன் சற்றுக் குனிந்து பார்ப்பது மிகுந்த பயனுள்ள பழக்கம் என்பது என் கருத்து. அந்த வீட்டுக்குள் எந்தப் பூச்சி வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வலை கட்டிக் காத்திராமல் பகலில் சுவரில் உலவி வேட்டையாடுவது தாவும் சிலந்தி. முன்புறம் இரண்டு பெரிய கண்களும் துல்லியமான பார்வையும் உள்ள இது, நாம் அருகே சென்றால் உடலைத் திருப்பி நம்மையே பார்க்கும். தாவுவதற்கு முன் ஒரு நூலைப் பின்னால் ஒட்டிவைத்துக்கொள்வதால் தவறினாலும் விழுந்துவிடுவதில்லை. சுவரில் சிறு நாணய அளவில் வெண்ணிறப் பட்டுத்திரைபோல ஒட்டியிருப்பது, சில மில்லிமீட்டரே உள்ள ஒரு சுவர்ச் சிலந்தியின் உறைவிடம். அதன் முக்கிய இரை எறும்பு.

மிகுந்த அச்சம் தருவது, வெப்ப நாடுகளின் வீடுகளில் இரவில் வெளிப்படும் பெரிய வேட்டைச் சிலந்தி. ஹெட்டிரோபோடா வெனட்டோரியா என்பது அதன் அறிவியல் பெயர். கால்களை விரித்தால் 10 சென்டிமீட்டரைத் தாண்டும்; நண்டைப் போலக் கால்களைப் பக்கவாட்டில் பரப்பி, தட்டையான உடலைச் சுவரோடு ஒட்டிவைத்திருக்கும்; வெளிச்சம் போட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும். கரப்பான் இதன் விருப்பமான இரைகளில் ஒன்று. பெண் சிலந்தி தட்டையான வட்ட முட்டைப்பையை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டே திரியும். அந்த நிலையில் அதை அடித்தால் பை கிழிந்து, பொரியும் தறுவாயில் இருக்கும் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் சிதற நேரலாம். பிடித்து வெளியே விடுவதே நல்லது.

வலையில் அசைவின்றித் தொங்கும் எல்லாமே செத்த சிலந்தியல்ல. வளரும்போது சிலந்தி தன் மேல்தோலைக் கழற்றிவிடுகிறது. உள்ளீடற்று, ஒளி ஊடுருவும்படி தொங்கும் அந்தத் தோலைக் கண்டு பலர் சிலந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். உண்மையில் இறந்த சிலந்தியின் கால்கள் உள்நோக்கி மடங்கியிருக்கும். சிலந்தி தன் காலை நீட்டுவது முக்கியமாக உடல்நீரின் அழுத்தத்தால்; இறந்ததும் அந்த அழுத்தம் போய்விட, மடக்கும் தசைகளின் இழுப்பு மட்டும் எஞ்சுகிறது.

நஞ்சும் அதைப் பற்றிய அச்சமும்

ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. ஆனால் அது பூச்சிகளை வீழ்த்துவதற்கானது. வீட்டில் காணும் பெரும்பாலானவற்றின் கடி, ஏற்பட்டாலும், சிறு வீக்கத்தோடும் எரிச்சலோடும் முடிந்துவிடும். மனிதருக்கு ஆபத்தானவை சில குழுக்களே: பளபளக்கும் உருண்டை வயிற்றில் பெரும்பாலும் சிவப்புக் குறி கொண்ட விதவைச் சிலந்திகள், ஆறு கண்களை மூன்று இணைகளாகக் கொண்ட ரெக்லூஸ் சிலந்திகள், ஆஸ்திரேலியாவின் சிட்னி புனல்வலைச் சிலந்தியும் அதன் உறவினங்களும், தென் அமெரிக்காவின் அலையும் சிலந்திகள். ஆஸ்திரேலியாவில் விதவைச் சிலந்தி இனமான ரெட்பேக்குக்கு 1956-இலும், புனல்வலைச் சிலந்திக்கு 1981-இலும் நச்சுமுறி மருந்து பயன்பாட்டுக்கு வந்தது.

இவையும் தேடி வந்து கடிப்பவையல்ல. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் வசித்த வீட்டில், ஆறு மாதங்களில் 2,055 பழுப்பு ரெக்லூஸ் சிலந்திகள் சேகரிக்கப்பட்டன. அந்த வீட்டில் ஒருவர்கூடக் கடிபட்டதாகத் தெரியவில்லை என்று 2002-இல் வெளிவந்த ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. துணிக்கும் உடலுக்கும் இடையில் நசுங்கும்போதும், காலணிக்குள் பதுங்கியிருக்கையில் கால் நுழையும்போதும், கைபட்டு அழுத்தும்போதும்தான் பெரும்பாலான கடிகள் நேர்கின்றன.

சிலந்தியின்மேல் சுமத்தப்படும் தோல் புண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தத் தவறான கணிப்பு, உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. காலையில் எழும்போது கழுத்திலோ முகத்திலோ கோடிழுத்ததுபோலச் சிவந்து, எரிச்சலோடு கொப்புளங்கள் தோன்றினால், இரவில் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். சிலந்தி தோலின்மேல் ஊர்வதால் மட்டும் கொப்புளம் வராது. இத்தகைய கோடுபோன்ற புண்ணுக்குப் பல நேரங்களில் காரணம் பீடெரஸ் எனப்படும், ஆரஞ்சும் கறுப்புமான மெல்லிய சிறு வண்டு. விளக்கொளிக்கு வரும் அதை அறியாமல் தோலில் நசுக்கித் தேய்த்துவிடும்போது, அதன் உடல்நீரில் உள்ள பீடெரின் என்ற நச்சுப்பொருள் பட்டு, ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தோல் வெந்துபோகிறது. வண்டு உடலில் ஊர்வது தெரிந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, கடும் வலியோடு கொப்புளங்கள் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ் உடலுக்குள் நெடுங்காலம் அடங்கியிருந்து மீண்டும் கிளர்ந்தெழுவதே அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்பதால், சிலந்தி என்று எண்ணிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பே. சீழ் பிடித்த கட்டி பெரும்பாலும் பாக்டீரியத் தொற்று. அதற்கும் மருத்துவரையே பார்க்க வேண்டும்.

உண்மையாகவே கடிபட்டால், கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி எடுக்க வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. புனல்வலைச் சிலந்தி வாழும் ஆஸ்திரேலியப் பகுதிகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் கட்டுத்துணியால் அழுத்திச் சுற்றி, அசைக்காமல் வைத்து, உடனே அவசர ஊர்தியை அழைப்பதே முறை. கடித்த சிலந்தி அகப்பட்டால், நசுங்கியிருந்தாலும், ஒரு புட்டியில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தசைப்பிடிப்பு, வயிற்றை முறுக்கும் வலி, மிகுந்த வியர்வை, மூச்சுத்திணறல், பரவிக்கொண்டே போகும் நிறமாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறு குழந்தைகளின் விஷயத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை.

குறைக்கும் வழி

முதல் வேலை, பூச்சிகள் எந்த வழியாக வருகின்றன என்று கண்டறிவது. வலைகளின் கீழே கிடப்பவை எந்தப் பூச்சியின் எச்சங்கள் என்று பார்க்கலாம். சுவரோரமாக ஒட்டும் அட்டைகளைச் சில நாள் வைத்தால், தரையில் நடமாடுபவை எவை என்பதும் தெரிந்துவிடும். ஈசல்களும் விட்டில்களும் மிகுதி என்றால் வெளிச்சம்தான் காரணம். வாசலின் மேலேயே எரியும் வெள்ளை விளக்கு, சுற்றுப்புறத்துப் பூச்சிகளைக் கதவருகே திரட்டிவிடுகிறது. வலை கட்டுவதற்கு அதைவிட வாய்ப்பான இடம் சிலந்திக்கு இல்லை. அந்த விளக்கைத் தேவையான நேரம் மட்டும் எரியவிடலாம். மஞ்சள் ஒளி தரும் விளக்காக மாற்றலாம். முடிந்தால் கதவிலிருந்து தள்ளிப் பொருத்தி, ஒளி மட்டும் வாசலில் விழும்படி செய்யலாம். கரப்பான் என்றால் கழிவுநீர்க் குழாயின் வாய், நீர் கசியும் தொட்டியடி, இரவில் கழுவாமல் விடும் பாத்திரங்கள், அட்டைப்பெட்டிக் குவியல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கொசு என்றால் தேங்கிய நீர்.

அடுத்தது வழியை அடைப்பது. கதவின் அடியில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அங்கே ரப்பர் பட்டை பொருத்த வேண்டும். கிழிந்த சன்னல் வலையையும், சுவரைத் துளைத்துக் குழாயும் மின்கம்பியும் நுழையும் ஓட்டைகளையும் சரிசெய்ய வேண்டும். இவ்வளவு செய்தாலும் சிலந்தி முற்றிலும் வராமல் போகாது. இளங்குஞ்சுகள் ஒரு நூலிழையைக் காற்றில் விட்டு அதன் இழுப்பில் மிதந்து வரக்கூடியவை. அவற்றுக்கு மிகச் சிறிய இடுக்கும் போதும். ஆனால் அடைத்த இடைவெளிகள் இரையின் வரத்தைத் தடுக்கும். அதுவே போதுமானது.

ஒட்டடை அடிப்பதற்கு மதிப்பில்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சரியாகச் செய்தால் அதைப் போன்ற நேரடிப் பலன் தரும் வேலை வேறில்லை. வலையைக் கலைத்துவிட்டுச் சிலந்தியையும் முட்டைப்பையையும் விட்டுவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் குறை. வலையின் நடுவிலோ அருகிலுள்ள மூலையிலோ பழுப்பு நிறத்திலோ வெண்மையாகவோ இருக்கும் சிறு உருண்டையைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கக் கூடும். தூசி உறிஞ்சும் கருவி இருந்தால் இந்த வேலைக்கு அதுவே சிறந்தது: வலை, சிலந்தி, முட்டை மூன்றும் ஒரே இழுப்பில் போய்விடும். பின்னர் அதன் பையை வீட்டுக்கு வெளியே காலி செய்ய வேண்டும். கட்டிலுக்கு அடி, அலமாரியின் பின்புறம், திரைச்சீலையின் மேல்மடிப்பு, பரணில் நெடுநாள் அசைக்காத பொருள்கள் ஆகியவையே பெரும்பாலும் விடுபடுபவை. அட்டைப்பெட்டிகளுக்குப் பதிலாக இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பயன்படுத்தினால் ஒளிவிடம் பெருமளவு குறையும்.

பூச்சிமருந்தைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு, சிலந்தியின் உடலமைப்பும் வாழ்முறையும்தான் காரணம். தரையில் தெளித்த மருந்து, அதன்மேல் உடல் உரச நடந்து, பிறகு காலையும் உணர்கொம்பையும் வாயால் துடைத்துக்கொள்ளும் கரப்பானுக்குள் எளிதில் சேர்கிறது. சிலந்தி கால்நுனிகளை மட்டும் ஊன்றி நடக்கிறது. வலைச்சிலந்தியோ மருந்து படிந்த சுவரைத் தொடாமலே நாட்களைக் கழிக்கிறது. நேராகத் தெளித்தால்தான் பெரும்பாலும் சாகும். அதற்கு ஒரு துடைப்பமே போதுமே. முட்டைகளையோ பட்டு உறை காக்கிறது. வீட்டுத் தெளிப்பான்களில் பரவலாகச் சேர்க்கப்படும் பைரெத்ராய்டு மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைகளுக்கும் மிக ஆபத்தானது. அறை முழுவதும் புகைபோல நிரம்பும் மருந்துகள் இடுக்குகளுக்குள் சரிவரப் புகுவதில்லை.

புதினா எண்ணெய் போன்ற நறுமணப் பொருள்களைத் தெளிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அந்த மணம் விரைவில் ஆவியாகிவிடுகிறது. இரை இருக்குமிடத்தை விட்டுச் சிலந்தியை அது நெடுநாள் விலக்கிவைக்கும் என்று நம்ப இடமில்லை. காதுக்கு எட்டாத ஒலியால் பூச்சிகளை விரட்டுவதாகச் சொல்லி விற்கப்படும், மின்செருகியில் பொருத்தும் மீயொலிக் கருவிகளை வாங்கவே வேண்டாம். அவற்றின் விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

குளியலறைத் தொட்டியில் கிடக்கும் சிலந்தி குழாய் வழியாக ஏறி வந்தது என்று எண்ணி வடிகாலில் மருந்து ஊற்றுவோரும் உண்டு. அது மேலிருந்து தவறி விழுந்து, வழுவழுப்பான பக்கங்களில் ஏற முடியாமல் சிக்கியிருக்கிறது. அதையும், சுவரில் தங்கிய பெரிய சிலந்தியையும் அகற்ற ஓர் அகன்ற கண்ணாடிக் குவளையும் தடித்த அட்டையும் போதும். குவளையை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, கால்கள் நசுங்காதபடி அட்டையைச் சுவருக்கும் விளிம்புக்கும் இடையில் செருகி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, செடி அடர்ந்த இடத்தில் விட வேண்டும். ஆள் புழங்காத மூலையில் இருக்கும் ஒன்றிரண்டு சிலந்திகளை அப்படியே விட்டுவைப்பதில் எந்தத் தீங்கும் இல்லை; கொசுவையும் ஈயையும் அவை பிடித்துக்கொண்டிருக்கும்.

விதவைச் சிலந்தியோ ரெக்லூஸோ வாழும் பகுதியில் இருப்பவர்கள், விறகடுக்கையும் பழைய சாமான்களையும் கையுறையின்றித் தொடக் கூடாது. வெளியே கழற்றிவைத்த காலணியை உதறிய பின்பே அணிய வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய சிலந்திகள் வீட்டுக்குள் பெருகியிருப்பது தெரிந்தால், பூச்சிக் கட்டுப்பாட்டில் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. வருபவர் தெளிப்பானை எடுப்பதற்கு முன் இடுக்குகளில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறாரா, எந்த இனம் என்று சொல்கிறாரா, அவை எதைத் தின்று வாழ்கின்றன என்று கேட்டால் விடை தருகிறாரா என்பதைக் கவனியுங்கள். இவை எதுவுமின்றி நேராக மருந்தடிக்கத் தொடங்குபவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அழைப்பது நல்லது.